மே 6 மாநகர சபைத் தேர்தல்: உங்கள் வட்டார வேட்பாளரைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்?

கொட்டடி_வாசி
ஏப்ரல் 19, 2025, இரவு 9.10

வணக்கம் உறவுகளே. யாழ்ப்பாணம் மாநகர சபைத் தேர்தலுக்கு இன்னும் 17 நாள்தான் கிடக்கிறது. இந்தக் கிழமை எங்கள் வீட்டுப் படலையில் ஐந்து துண்டுப்பிரசுரங்களைச் செருகிவிட்டுப் போயிருக்கிறார்கள். அம்மாவும் நானும் ஐந்தையும் மேசையில் பரப்பி வைத்து வாசித்தோம். தலைவர்மாரின் படம் பெரிதாக இருக்கிறது. சின்னம் அதைவிடப் பெரிதாக இருக்கிறது. எங்கள் வட்டாரத்தில் நிற்கிறவர் என்ன தொழில் செய்கிறார், இதற்கு முதல் ஊருக்கு என்ன செய்திருக்கிறார் என்பது இரண்டில் மட்டும்தான் இருந்தது. அதிலும் ஒன்றில் படித்த பாடசாலையின் பெயரோடு சரி.

போன கார்த்திகை வெள்ளத்தில் எங்கள் ஒழுங்கையில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. வாய்க்காலின் கொங்கிரீட் மூடி ஒன்று உடைந்து உள்ளே விழுந்து, அதன் மேல் பொலித்தீன் பையும் தென்னோலையும் வந்து அடைத்துக்கொண்டன. "ஆருக்குச் சொல்லுறது?" என்று அப்பா கேட்டார். 2023 பங்குனியோடு (மார்ச்) சபையின் காலம் முடிந்த பிறகு எங்களுக்கு உறுப்பினர் என்று ஒருவரும் இல்லை. இரண்டு வருடமாக ஆள் இல்லாத அந்தக் கதிரைக்குத்தான் இப்போது ஆள் தேடுகிறோம்.

இன்னொன்று. வாக்குச்சீட்டில் வேட்பாளரின் பெயர் இருக்காது. கட்சியின் பெயரும் சின்னமும்தான் இருக்கும், சுயேச்சை என்றால் குழு இலக்கம். அதனால் ஆள் யார் என்பதை வீட்டிலேயே தெரிந்துகொண்டுதான் போக வேண்டும். உங்கள் வட்டாரத்தில் நிற்கிறவர்களைப் பற்றி நீங்கள் எப்படி விசாரிக்கிறீர்கள்? எந்தக் கட்சி நல்லது என்ற கதை இந்த இழையில் வேண்டாம். அதற்கு வேறு இழைகள் இருக்கின்றன.

---

நீராவியடி_பெடியன்
ஏப்ரல் 19, 2025, இரவு 9.48

எங்கள் வட்டாரத்தில் நிற்கிற ஒருவரை எனக்கு விளையாட்டுக் கழகத்தில் இருந்தே தெரியும். மற்றவர்களின் முகம்கூடத் தெரியாது. ஆள் தெரியாவிட்டாலும் சின்னத்தைப் பார்த்துத்தானே போடுகிறோம், வழமை அதுதானே.

---

ஓய்வு_இலிகிதர்
ஏப்ரல் 20, 2025, காலை 6.25

தம்பி, வழமை அதுதான். ஆனால் அந்த வழமையால் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். உள்ளூராட்சி சபையொன்றில் 20 வருடத்துக்கு மேல் இலிகிதராக இருந்தவன் நான். 2018இல் இந்தக் கலப்பு முறை வந்தபோது எங்களுக்கே விளங்க ஒரு மாதம் பிடித்தது.

யாழ் மாநகர சபைக்கு 45 உறுப்பினர்கள். 27 பேர் வட்டாரத்தில் நேரடியாக வெல்கிறவர்கள். மிச்சம் 18 பேர் விகிதாசாரப் பட்டியலால் வருகிறவர்கள். உங்கள் கையில் இருப்பது ஒரே ஒரு வாக்கு. அந்த ஒரு புள்ளடி இரண்டு வேலை செய்யும். முதலில் உங்கள் வட்டாரத்து ஆளுக்குப் போகும். பிறகு கட்சியின் மொத்தக் கணக்கிலும் சேரும். கட்சிக்குப் பட்டியலில் எத்தனை இடம் என்பது அந்த மொத்தத்தில்தான் முடிவாகும். அந்த இடங்களுக்கு யாரை அனுப்புவது என்பதைத் தேர்தல் முடிந்த பிறகு கட்சிச் செயலாளர் சொல்வார். சுயேச்சை என்றால் குழுத் தலைவர் சொல்வார். வட்டாரத்தில் நீங்கள் வேண்டாம் என்று தோற்கடித்த ஒருவரே அந்த வழியால் உள்ளே வரலாம்.

ஆகவே வட்டார வேட்பாளரின் பின்னணியை மட்டும் விசாரித்தால் பாதி வேலைதான் செய்திருக்கிறீர்கள். பட்டியலில் யார் யார் இருக்கிறார்கள் என்று வாக்குக் கேட்டு வருகிறவரிடமே கேளுங்கள். நான் இந்த முறை மூன்று பேரிடம் கேட்டேன். ஒருவருக்குத்தான் தன் கட்சிப் பட்டியலில் இருந்து நாலு பேரின் பெயராவது தெரிந்திருந்தது.

நடுவில் ஓர் உறுப்பினர் இறந்தாலோ விலகினாலோ இடைத்தேர்தல் வரும் என்று சிலர் நினைக்கிறார்கள். நாடாளுமன்றத்திலும் இல்லை, இங்கேயும் இல்லை. அந்த இடத்துக்கும் பட்டியலில் இருந்துதான் ஆள் வரும். திரும்ப ஒருக்கால் உங்களைக் கேட்க மாட்டார்கள்.

---

சுண்டிக்குளி_மாணவி
ஏப்ரல் 20, 2025, முற்பகல் 11.03

ஐயா எழுதியதை வாசித்த பிறகு இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. என்னோடு படித்த ஒருத்தியின் பெயர் இந்தத் தேர்தலில் ஒரு பட்டியலில் இருக்கிறது. எந்தக் கட்சி என்று எழுத மாட்டேன். பங்குனியில் ஒரு நாள் தெரிந்த மாமா ஒருவர் வந்து அடையாள அட்டை இலக்கமும் பிறப்புச் சான்றிதழும் கேட்டிருக்கிறார். "இளைஞர் ஆட்கள் காணாது, சும்மா பெயருக்குத்தான், நீ ஒண்டும் செய்யத் தேவையில்லை" என்று சொல்லியிருக்கிறார். அவளும் கொடுத்துவிட்டாள். இந்த முறை வேட்பாளர்களில் 25 வீதம் 35 வயதுக்கு உட்பட்டவர்களாக இருக்க வேண்டும் என்ற விதியால்தான் இந்த ஓட்டம்.

அவள் கெட்டிக்காரி. சபையில் என்ன கதைக்கலாம் என்று யாராவது உட்கார்த்திச் சொல்லிக் கொடுத்தால் நன்றாகச் செய்வாள். ஆனால் இன்றுவரைக்கும் ஒரு கூட்டத்துக்கும் அவளைக் கூப்பிடவில்லை. அவள் பட்டியலால் உள்ளே போக நேர்ந்தால் அவளுடைய பின்னணி என்று எதைச் சொல்வது? எங்களுக்காகக் கொண்டுவந்த ஒதுக்கீடு. அதை எங்களை வைத்தே இப்படி நிரப்புவது மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

---

கந்தர்மடம்_சிவா
ஏப்ரல் 20, 2025, பிற்பகல் 1.30

அந்தப் பிறப்புச் சான்றிதழால்தானே மார்ச் 20இல் இத்தனை வேட்புமனு நிராகரிக்கப்பட்டது. உறுதிப்படுத்திய பிரதி இல்லை, சத்தியக் கடதாசி சரியில்லை என்று யாழ் மாவட்டத்தில் கட்சிகளும் சுயேச்சைகளுமாக நிறையப் பேர் வெளியே நின்றார்கள். சிலது பிறகு நீதிமன்றம் போய்த் திரும்ப உள்ளே வந்தது. ஒரு கடதாசியைச் சரியாக எடுத்துக் கொடுக்க முடியாதவர்கள் நாளைக்கு மாநகரத்தின் பாதீட்டை (வரவுசெலவுத் திட்டத்தை) எப்படி வாசிப்பார்கள் என்று எனக்கு உண்மையாகவே கவலை.

---

ஓய்வு_இலிகிதர்
ஏப்ரல் 20, 2025, பிற்பகல் 2.05

சிவா, அதில் எல்லாரையும் ஒரே கணக்கில் வைக்க வேண்டாம். சான்றிதழ் விடயத்தில் சட்டத்தையே இரண்டு விதமாக வாசிக்க இடம் இருந்தது. அதனால்தான் நீதிமன்றம் சிலரைத் திரும்ப எடுக்கச் சொன்னது. பிள்ளை, உங்கள் சிநேகிதியை என்னோடு கதைக்கச் சொல்லுங்கள். சபை அமர்வு எப்படி நடக்கும், பிரேரணை எப்படி எழுதுவது என்று நான் சொல்லித் தருகிறேன். எந்தக் கட்சி என்று கேட்க மாட்டேன்.

---

ரொறன்ரோ_நல்லூரான்
ஏப்ரல் 21, 2025, காலை 7.40

நாங்கள் தூரத்தில் இருந்து பார்க்கிறோம். எங்கள் காலத்தில் இவ்வளவு விசாரிக்கத் தேவை இருக்கவில்லை. ஆருடைய மகன், எந்தப் பகுதி என்று கேட்டால் போதும், ஆளை எடை போட்டுவிடலாம். நல்ல குடும்பத்தில் இருந்து வருகிறவன் களவு எடுக்கமாட்டான் என்ற நம்பிக்கை இருந்தது. இப்போது அப்படிச் சொன்னால் பிழை என்கிறார்கள். ஆனால் பின்னணி என்றால் அதுவும்தானே?

---

நாவாந்துறை_மகள்
ஏப்ரல் 21, 2025, இரவு 8.15

அண்ணை, கோபத்தில் எழுதவில்லை. ஆனால் இதற்கு மறுமொழி எழுதாமல் என்னால் நித்திரை கொள்ள முடியாது.

"எந்தப் பகுதி?" என்ற கேள்வி என்ன கேள்வி என்று யாழ்ப்பாணத்தில் பிறந்த எல்லாருக்கும் தெரியும். முகவரி கேட்கிற கேள்வி இல்லை அது. என் அப்பா கடற்றொழிலாளர் சங்கத்தில் 15 வருடம் பொருளாளராக இருந்தவர். ஒரு சதம் பிசகாமல் கணக்கு வைத்திருந்தார். வலை வாங்கிய பற்றுச்சீட்டுகூட இன்னும் ஒரு பிஸ்கட் தகரத்துக்குள் அடுக்கிக் கிடக்கிறது. அவரை ஒரு தேர்தலில் நிற்கச் சொல்லி ஒருவரும் வந்து கேட்டதில்லை. உங்கள் கேள்விக்கு அவரிடம் "சரியான" பதில் இல்லை என்பதால்தான் கேட்கவில்லை என்று நான் நினைக்கிறேன்.

செல்லன் கந்தையன் ஐயா இந்த மாநகரத்துக்கு முதல்வராக இருந்தவர். ஒடுக்கப்பட்ட சமூகத்தில் இருந்து வந்தவர். 1981இல் எரித்த நூலகத்தைத் திருத்திக் கட்டி, 2003 மாசியில் திறக்க நாளும் குறித்தார்கள். திறக்க விடவில்லை. உறுப்பினர்கள் பதவி விலகினார்கள். ஏன் தடுத்தார்கள் என்பதற்குப் பலர் பல காரணம் சொல்கிறார்கள். அவருடைய சாதிதான் காரணம் என்று இன்றும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், இல்லை, அரசியல்தான் காரணம் என்கிறவர்களும் இருக்கிறார்கள். அந்த வழக்கை இங்கே தீர்க்க நான் வரவில்லை. ஒரு மேயர் நூலகத்தைத் திறக்கப் போனபோது, அவர் சபையில் என்ன செய்தார் என்பதைவிட அவர் யார் வீட்டுப் பிள்ளை என்பதுதான் ஊர் வாயில் அதிகம் அடிபட்டது. அதுதான் எனக்கு இன்றும் வலிக்கிறது.

ஆகவே பின்னணி என்ற சொல்லுக்கு நாங்கள் முதலில் பொருளை மாற்றுவோம். ஆருடைய பிள்ளை என்று கேட்க வேண்டாம். எந்தச் சங்கத்தில் இருந்தார், கணக்குக் காட்டினாரா, சுனாமியிலும் 2009க்குப் பிறகும் கொரோனாவிலும் எங்கே நின்றார் என்று கேட்போம்.

---

ரொறன்ரோ_நல்லூரான்
ஏப்ரல் 21, 2025, இரவு 10.02

தங்கச்சி, நீங்கள் எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். நான் அந்தச் சொல்லைப் பழக்கத்தில் எழுதிவிட்டேன். மன்னியுங்கள். உங்கள் அப்பா போன்ற ஒருவருக்கு வாக்களிக்க எனக்கு அங்கே ஒரு வாக்கு இல்லையே என்று இருக்கிறது.

---

அரியாலை_ஆசிரியர்
ஏப்ரல் 22, 2025, மாலை 5.20

இளம் பிள்ளைகள் நிறையப் பேர் வாசிக்கிறபடியால் கொஞ்சம் பழைய கதையும் எழுதுகிறேன். 1949இல் யாழ்ப்பாணம் மாநகர சபையானது. சாம் சபாபதி முதலாவது மேயர். அந்தத் தலைமுறையில் சபைக்கு வந்தவர்களில் சட்டத்தரணிகளும் வர்த்தகர்களும்தான் அதிகம். ஆங்கிலம் படித்திருப்பதும் சொந்தத்தில் காசு இருப்பதும் அப்போது தகுதியாகப் பார்க்கப்பட்டது.

அப்புறம் காலம் மாறியது. 1975 யூலை 27இல் அல்பிரட் துரையப்பா மேயராக இருக்கும்போதே பொன்னாலை வரதராஜப் பெருமாள் கோயிலடியில் சுட்டுக் கொல்லப்பட்டார். 1998இல் பல வருடத்துக்குப் பிறகு சபைக்குத் தேர்தல் நடந்தது. சரோஜினி யோகேஸ்வரன் மேயரானார், யாழ்ப்பாணத்தின் முதல் பெண் மேயர். அவருடைய கணவர் யோகேஸ்வரன், யாழ்ப்பாணத்தின் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர், 1989இல் கொழும்பில் தமிழர் விடுதலைக் கூட்டணியின் அமிர்தலிங்கத்தோடு கொல்லப்பட்டவர். அந்த அம்மாவையும் அதே 1998 மே 17இல் வீட்டில் வைத்துச் சுட்டார்கள். அவருக்குப் பிறகு வந்த பொன். சிவபாலன் செப்ரெம்பர் 11இல் குண்டுவெடிப்பில் போனார். ஒரே வருடத்தில் இரண்டு மேயர்கள்.

அந்த நாட்களில் வேட்பாளரின் தராதரம் பற்றி யார் பேசினார்கள்? நிற்பதற்கு ஆள் கிடைப்பதே பெரிய விடயம். என் வீட்டிலேயே, எங்கள் அண்ணர் ஒருவர் நிற்கப் போகிறேன் என்று சொன்ன இரவு அம்மா சாமியறையை விட்டு வெளியே வரவில்லை. விடிய அவர் அந்த எண்ணத்தை விட்டுவிட்டார்.

2009 ஆவணியில் திரும்பத் தேர்தல் வந்தபோது வாக்காளர் இடாப்பில் பெயர் இருந்தவர்களில் நூற்றுக்கு 22 பேர் அளவில்தான் வாக்களித்தார்கள். நிறையப் பேர் ஊரிலேயே இல்லை. ஆகவே ஐந்து துண்டுப்பிரசுரத்தைப் பரப்பி வைத்து இவரா அவரா என்று ஒரு தாயும் மகனும் இருந்து பார்க்கிற நிலைமை எங்களுக்குச் சும்மா கிடைத்தது அல்ல. கொட்டடித் தம்பி, நீங்கள் எழுதிய அந்த மேசையை நினைத்து எனக்குச் சந்தோசமாக இருந்தது.

---

கந்தர்மடம்_சிவா
ஏப்ரல் 23, 2025, காலை 8.50

என்னைக் கேட்டால் முதலில் பார்க்க வேண்டியது வதிவிடம். வேட்பாளரின் பெயர் மாநகர எல்லைக்குள் வாக்காளர் இடாப்பில் இருக்க வேண்டும் என்பது சட்டம். ஆனால் சிலருக்கு இடாப்பில் மட்டும்தான் இங்கே வீடு. ஆள் திருநெல்வேலியிலோ கோண்டாவிலிலோ இருக்கிறார். அது நல்லூர் பிரதேச சபை எல்லை. அங்கே குப்பை எடுக்கிறது வேறு சபை, சோலைவரி கட்டுகிறது வேறு சபைக்கு. எங்கள் வாய்க்கால் நாறினால் அவருக்கு எப்படி மணக்கும்?

---

சோனகதெரு_பேரன்
ஏப்ரல் 23, 2025, பிற்பகல் 12.35

சிவா நானா, உங்கள் கேள்வி நியாயம். ஆனால் எங்கள் பக்கத்தையும் பாருங்கள். 1990 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றியபோது எங்கள் உம்மும்மாவை மாற்றுடுப்புகூட இல்லாமல் அனுப்பினார்கள். எங்கள் ஆட்களில் பெரும்பங்கு இன்னும் புத்தளத்திலேதான் இருக்கிறது. திரும்பி வந்தவர்களும் ஒரு கால் இங்கே, ஒரு கால் அங்கே என்றுதான் சீவிக்கிறார்கள். பிள்ளைகளின் பள்ளிக்கூடம் அங்கே, கூரை இல்லாத வீடு இங்கே. "இங்கே தொடர்ந்து இருந்தவரா?" என்ற ஒரே கேள்வியால் ஆளை அளந்தால் எங்களில் ஒருவரும் ஒரு நாளும் தகுதி பெறமாட்டோம்.

எங்கள் வட்டாரத்தில் இந்த முறை நிற்கிற ஒருவர் கிழமைக்கு மூன்று நாள்தான் யாழ்ப்பாணத்தில் இருக்கிறார். ஆனால் மீள்குடியேறிய குடும்பங்களுக்குக் காணிப் பத்திரம் தேடி கச்சேரிக்கும் (மாவட்டச் செயலகம்) பிரதேச செயலகத்துக்கும் நடந்தது அவர்தான். என் உம்மாவின் காணிக் கோப்பையும் அவர்தான் தூக்கிக்கொண்டு திரிந்தார். ஏழு நாளும் ஊரிலேயே இருந்து ஒரு கோப்பும் தூக்காதவரைவிட அவர் மேல் எனக்கு நம்பிக்கை.

---

கந்தர்மடம்_சிவா
ஏப்ரல் 23, 2025, பிற்பகல் 1.10

ஓம் தம்பி, அதை நான் யோசிக்கவில்லை. விரும்பி வெளியே போனவரையும் விரட்டப்பட்டவரையும் ஒரு தராசில் வைக்க முடியாதுதான். ஆனாலும் வெள்ளம் வருகிற இரவில் ஆள் ஊரில் வேண்டும் என்ற என் ஆசையை விடமாட்டேன்.

---

மட்டுறுத்துநர்
ஏப்ரல் 23, 2025, இரவு 9.00

இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டுள்ளன. ஒரு வேட்பாளரின் குடும்பப் பிரச்சினையையும் இன்னொருவரின் கடனையும் பெயரோடு எழுதியிருந்தார்கள். ஆதாரம் இல்லை. யுத்த காலத்தில் யார் எந்தப் பக்கம் நின்றார் என்று பெயர் குறித்து எழுதுவதையும் அனுமதிக்க மாட்டோம். அந்தச் சொல் ஒருவரின் உயிருக்கே ஆபத்தாக இருந்த ஊர் இது. பொதுவாழ்வில் செய்ததை, ஆவணத்தில் இருப்பதை எழுதுங்கள்.

---

ஓய்வு_இலிகிதர்
ஏப்ரல் 24, 2025, காலை 6.10

மட்டுறுத்துநர் ஆவணம் என்று சொன்னபடியால் எங்கே எது கிடைக்கும் என்று எழுதுகிறேன்.

முதலாவது, ஏற்கெனவே உறுப்பினராக இருந்து திரும்ப நிற்கிறவர்கள். இவர்களுடைய பின்னணிதான் மிக இலகுவில் கிடைக்கும், ஆனால் ஒருவரும் தேடுவதில்லை. சபை அமர்வு ஒவ்வொன்றுக்கும் கூட்டறிக்கை இருக்கிறது. யார் வந்தார், யார் வரவில்லை, யார் என்ன பிரேரணை கொண்டுவந்தார், எந்தப் பக்கம் கை உயர்த்தினார் எல்லாம் அதில் இருக்கும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி நாட்டின் பிரஜை யாரும் கேட்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். மே 6க்கு முதல் இனிக் கிடைக்காது, அது தெரியும். ஆனால் அடுத்த சபை கூடிய முதல் மாதத்தில் இருந்தே கேட்டு வாங்கி வைத்தால், நாலு வருடத்தில் ஒரு கொப்பி நிறைந்துவிடும்.

நான் வேலை செய்த சபையில் ஓர் உறுப்பினர் முழுக் காலத்திலும் ஒரே ஒரு பிரேரணை கொண்டுவந்தார், தன் வீட்டு ஒழுங்கைக்கு விளக்குப் போட. இன்னொருவர், ஐந்தாம் வகுப்போடு நின்றவர், மாதாந்தக் கணக்கறிக்கையை முதல் நாளே வாங்கிப் போய் மகளைக் கொண்டு வாசிப்பித்து, அடிக்கோடு போட்டுக்கொண்டு வருவார். டீசல் செலவில் ஒரு மாதம் கூடியிருந்ததைப் பிடித்தது அவர்தான். நாங்கள் ஐந்து இலிகிதர்கள் பார்த்துவிட்டு விட்ட கணக்கு அது. ஆகவே துண்டுப்பிரசுரத்தில் பட்டத்தைக் கண்டு மயங்கவும் வேண்டாம், பட்டம் இல்லை என்று தள்ளவும் வேண்டாம்.

பாதீட்டு வாக்கெடுப்பைக் கட்டாயம் பாருங்கள். 2020 மார்கழியில் (டிசம்பர்) இதே மாநகர சபையில் பாதீடு இரண்டாம் தரமும் தோற்றதால் ஆனல்ட்டின் மேயர் பதவி போனது. அந்த மாதம் 30ஆம் திகதி மணிவண்ணன் 21க்கு 20 என்று ஒரே ஒரு வாக்கால் மேயரானார். பிறகு 2023 தையில் திரும்ப ஆனல்ட். 45 பேரில் ஒருவரின் கை எவ்வளவு பாரம் என்று அதில் தெரியும். அந்த நாட்களில் சபையில் இருந்து இப்போது உங்கள் வாசலுக்கு வருகிறவரிடம், "நீங்கள் எந்தப் பக்கம் வாக்களித்தீர்கள், ஏன்?" என்று கேளுங்கள். பதில் எதுவாகவும் இருக்கட்டும். காரணம் சொல்லத் தெரிகிறதா என்று பாருங்கள்.

இரண்டாவது, சொத்து விவரம். 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் வந்த பிறகு வேட்பாளர்களும் சொத்துப் பொறுப்பு விவரம் கொடுக்க வேண்டும். மூன்றாவது, செலவு. அதே ஆண்டின் 3ஆம் இலக்கத் தேர்தல் செலவு ஒழுங்குபடுத்தல் சட்டப்படி, முடிவு வெளியாகி 21 நாட்களுக்குள் எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது என்று வேட்பாளர் கணக்குக் கொடுக்க வேண்டும். வென்றவரும் தோற்றவரும்தான். வெளிநாட்டில் இருக்கிற உறவுகளும் இதைக் கவனியுங்கள். நீங்கள் அனுப்புகிற காசும் அந்தக் கணக்கில் வர வேண்டிய காசுதான்.

---

கொழும்புத்துறை_அக்கா
ஏப்ரல் 25, 2025, இரவு 7.55

நான் மாதர் சங்கத்தில் 11 வருடமாக இருக்கிறேன். இந்த முறை நிற்கவில்லை, 2018இல் பட்டியலில் இருந்தேன். ஒரு விடயம் மட்டும் எழுத வந்தேன்.

சபையில் 25 வீதம் பெண்கள் இருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. வட்டார வேட்பாளர்களில் 10 வீதமும் மேலதிகப் பட்டியலில் பாதியும் பெண்கள். கணக்கைப் பாருங்கள். வட்டாரத்தில் எங்களை நிறுத்தத் தயங்கி, பட்டியலுக்குள் தள்ளிவிடுகிறார்கள். பிறகு "இவள் மக்களிடம் வாக்கு வாங்காமல் வந்தவள்" என்று அமர்வில் சொல்லிக் காட்டுகிறார்கள்.

விசாரிக்கிற விதத்திலும் வித்தியாசம். ஆண் வேட்பாளர் என்றால் என்ன தொழில், என்ன பதவியில் இருந்தார் என்று கேட்கிறார்கள். எங்களிடம் வந்தால் கணவர் என்ன செய்கிறார், பிள்ளைகளை யார் பார்ப்பது, இரவுக் கூட்டத்துக்கு யாரோடு வருவாய் என்று கேட்கிறார்கள். 2018இல் என்னிடம் கேட்ட கேள்விகளில் ஒன்றுகூட வடிகாலைப் பற்றி இல்லை. எங்கள் சங்கத்தில் சுழற்சிக் கடன் 46 பேருக்குக் கொடுத்து, 46 பேரிடமும் திரும்ப எடுத்திருக்கிறோம். அந்தக் கொப்பி என் அலுமாரியில் இருக்கிறது. பார்க்க விரும்புகிறவர் யாரும் வரலாம். தயவுசெய்து உங்கள் வட்டாரத்துப் பெண் வேட்பாளரிடமும் கொப்பியைக் கேளுங்கள்.

---

நாவாந்துறை_மகள்
ஏப்ரல் 25, 2025, இரவு 8.20

அக்கா, என் அப்பாவின் பிஸ்கட் தகரமும் உங்கள் கொப்பியும் ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை நான் கொழும்புத்துறைப் பக்கம் வருவேன். உங்களைப் பார்க்கலாமா?

---

கொட்டடி_வாசி
ஏப்ரல் 27, 2025, இரவு 10.30

உங்கள் எல்லாருடைய பதிவையும் வாசித்துவிட்டு நாங்கள் நாலைந்து பேர் ஒரு வேலை செய்தோம். எங்கள் சனசமூக நிலையத்தில் இன்று பின்னேரம் வட்டாரத்தில் நிற்கிற எல்லாரையும் கூப்பிட்டோம். மேடை இல்லை, ஒலிபெருக்கி இல்லை, மாலை இல்லை. பிளாஸ்டிக் கதிரைகளை வட்டமாகப் போட்டு, பத்திரிகை மேசையை நடுவில் வைத்தோம். கூப்பிட்டது ஏழு பேரை, வந்தது நாலு பேர். வராத மூன்று பேரில் ஒருவர் காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினார். மற்ற இருவரும் பதில் சொல்லவில்லை. சனம் 60 பேருக்குக் கிட்ட வந்தது, பாதிக்கு மேல் பெண்கள்.

கேள்விகளை முதலே எழுதி வைத்திருந்தோம். ஒன்று, இந்த ஐந்து வருடத்தில் எந்தப் பொது அமைப்பில் இருந்தீர்கள், கணக்கு யாரிடம் காட்டினீர்கள். இரண்டு, உங்கள் கட்சிப் பட்டியலில் இருக்கிறவர்களில் யாரை உங்களுக்குத் தெரியும். மூன்று, கல்லுண்டாயில் கொட்டுகிற எங்கள் குப்பையைப் பற்றி என்ன செய்வீர்கள். அது எங்கள் வட்டாரத்துக்கு வெளியே, ஆனால் எங்கள் குப்பை. அங்கே குடியிருக்கிற சனம் புகையிலும் இலையானிலும் சீவிக்கிறது. நாலு, கார்த்திகை வெள்ளத்தில் எங்கே நின்றீர்கள்.

ஒரு வேட்பாளர் நல்ல பேச்சாளர். இனப்பிரச்சினையில் இருந்து தொடங்கினார். முதல் வரிசையில் இருந்த ஆச்சி ஒருவர் மெதுவாக, "தம்பி, அதெல்லாம் எங்களுக்கும் நோதான். இப்ப வாய்க்காலுக்கு வாங்கோ" என்றார். அவர் வந்தார். ஆனால் வாய்க்கால் எங்கிருந்து எங்கே ஓடுகிறது என்று அவருக்குத் தெரியவில்லை.

இன்னொருவர் மேசன் வேலை செய்கிறவர், 40 வயது இருக்கும். பேசவே கூச்சப்பட்டார். அப்பா அவரிடம் உடைந்த மூடியைப் பற்றிக் கேட்டார். அவர் எழும்பி, "வாங்கோ ஐயா, பார்ப்பம்" என்று வெளியே நடந்தார். இருபது பேர் பின்னால் போனோம். குனிந்து விளிம்பைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, கம்பி மூடி முழுதும் பரவாமல் ஒரு பக்கமாக ஒதுங்கிக் கிடக்கிறது, அதனால்தான் உழவு இயந்திரம் ஏறினவுடன் உடைந்தது, புது மூடிக்கு இத்தனை கம்பி, இவ்வளவு சீமெந்து என்று கணக்குச் சொன்னார். பிறகு நிமிர்ந்து எங்களையும் பார்த்து, "மூடி உடைஞ்சது ஒரு பிழை, உள்ளுக்கு இவ்வளவு பொலித்தீன் போட்டது நாங்கள்தானே" என்றார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அது சரிதான்.

ஆனால் பட்டியல் கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை. தன்னோடு நிற்கிற ஒருவரையும் தனக்குத் தெரியாது என்று நேராகவே சொன்னார். அது எனக்குக் குழப்பமாக இருக்கிறது. அவருக்குப் போடுகிற என் புள்ளடி, யாரென்றே தெரியாத ஒருவரையும் சேர்த்து உள்ளே அனுப்பும். இலிகிதர் ஐயா, நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

---

ஓய்வு_இலிகிதர்
ஏப்ரல் 28, 2025, காலை 6.00

தம்பி, யாருக்குப் போடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன், அது உங்கள் புள்ளடி. ஆனால் இன்னும் ஒரு கிழமை இருக்கிறது. அந்த மேசன் தம்பியையே கட்சிக் கந்தோருக்கு அனுப்பிப் பட்டியலைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். தன்னோடு நிற்கிறவர்கள் யார் என்று கேட்க அவருக்கும் உரிமை இருக்கிறது, அநேகமாக இதுவரை ஒருவரும் அவருக்கு அதைச் சொல்லியிருக்க மாட்டார்கள். கொண்டுவந்தால் பெயர்களை நிலையத்தின் பலகையில் ஒட்டுங்கள். 18 இடத்துக்கு யார் வரக்கூடும் என்று சனம் முதல் தரம் பார்க்கட்டும்.

---

கொட்டடி_வாசி
ஏப்ரல் 28, 2025, இரவு 9.40

சொன்னோம் ஐயா. நாளைக்கு வேலை முடிந்து போகிறேன் என்றார். பலகையில் பழைய அறிவித்தல்களைக் கழற்றி இடம் எடுத்து வைத்திருக்கிறோம்.